பீரோவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் துண்டு

வணிக வளாகம் உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் பொறியாளர், அதன் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு ஐந்து ஆண்டுகள் குடியிருந்தாக வேண்டும் என்பது சட்டம். தணிகாசலத்துக்கு அந்தக் கெடு இன்றோடு முடிகிறது.

போன வாரம் பீரோவுக்குப் பின்னால், தூணில் ஒரு விரிசலைக் கண்டார். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். வெளியே சொன்னால், ஐந்து ஆண்டுகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாடியில் சரக்கு இறக்கும்போதெல்லாம் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் மகளை நினைத்து, சொல்லாமல் இருந்தார்.

இன்று காலை கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

"என்னங்க, கண்ணாடி எப்படி இருக்கு?" என்றாள் மனைவி வசுமதி.

"அப்படியேதான் இருக்கு."

"அப்பாடா! நான்தான் வீணா பயந்து செத்தேன்."

மதியம் வந்த அதிகாரி சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர்களை விடுவித்தார். வேன் கிளம்பும் நேரம், அடுத்துக் குடிவரும் காவலாளியின் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா, இங்க பயமில்லாம இருக்கலாமா?"

"கையெழுத்துப் போட்ட மனுஷனே பொண்டாட்டி புள்ளையோட இருந்த வீடும்மா இது! பீரோவையும் நீயே வச்சுக்க. தூளிய அந்தத் தூண் பக்கமா கட்டு, அங்கதான் காத்து வரும்."

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"அப்பா, சீக்கிரம் வாங்கப்பா," என்று வேனுக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள்.

அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.