இரண்டாம் தொட்டி

"மீனுக்கு ஊசி போட்டு எந்த ஊர்லம்மா டாக்டர் ஆவுறாங்க?" சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டான் அழகேசன்.

"என் மருமவ ஆவா. நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"திங்கக்கிழமை புரொபசர் வராரு. அவரு உதட்டைப் பிதுக்கினா அத்தோட சரி. வூட்டைப் பாக்கச் சொல்லிடுவேன்."

"பாக்கலாம்டா. நான் கைநாட்டு. என் வூட்டுலேருந்து ஒரு பொம்பள பட்டம் வாங்குறதை எவன் தடுக்குறான்னு பாத்துடுறேன்."

மருமகள் கமலவேணி அரியலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். திருச்சிப் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கோடையில் கல்லூரிக் குழாய் வறண்டு போனதால், ஆராய்ச்சி வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது. இரண்டு சிமென்ட் தொட்டி, தொட்டிக்குப் பத்து ஜிலேபிக் கெண்டை. எல்லாம் திருச்சியில் ஆபரேஷன் ஆகி, தகர டின்னில் பஸ் ஏறி வந்தவை. மூளைக்கு அடியில் ஏதோ சுரப்பியாம், அதை எடுத்துவிட்டார்களாம்.

கொளஞ்சியம்மாளை உறுத்தியது இரண்டாம் தொட்டிதான். காலையில் முதல் தொட்டி மீன்களை ஈரத் துணியில் பிடித்து ஒவ்வொன்றாக ஊசி போடுவாள் கமலவேணி. இரண்டாம் தொட்டிப் பக்கம் கையே நீளாது.

"ஏன் தாயி, இதுங்களுக்கு ஊசி இல்லியா?"

"இதுங்களுக்கு மருந்து கிடையாது அத்தை" என்று சொல்லிவிட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்த ஓடிவிட்டாள்.

மருந்து தட்டுப்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் கொளஞ்சியம்மாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், இரண்டாம் தொட்டியில் ஒரு மீன் சாய்ந்து கிடந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மற்றவையும் சோர்ந்து தொங்கின. மருமகளின் மூன்று வருஷ உழைப்பு அல்லவா?

மாரியம்மன் கோயில் குளத்தில் உப்பைக் கரைத்து வேண்டிக்கொண்டால், உப்போடு கஷ்டமும் கரைந்துவிடும். ஆனால் குளம் வெடித்துக் கிடந்தது. கொளஞ்சியம்மாள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. மீன் கிடக்கிற தண்ணீரெல்லாம் குளம்தான் என்று முடிவு கட்டினாள். ஒரு படி கல்லுப்பை அள்ளி வந்து, கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டாள்.

"ஆத்தா, இந்த உப்பு கரையிற மாரி எம் மருமவ கஷ்டத்தையும் கரைச்சுடு!"

மெல்ல மெல்லத் தூவிக் கையால் கலக்கிவிட்டாள். மறுநாள் காலையில் சாய்ந்து கிடந்த மீன் நிமிர்ந்து நீந்தியது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மூச்சு விடவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது.

கமலவேணியின் முகம்தான் தெளியவில்லை. இரண்டாம் தொட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாத கண்ணு. எல்லாம் நல்லா நீந்துது பாரு" என்று தேற்றினாள் மாமியார். மருமகள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் வந்தார். முதல் தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவதைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் எப்படிம்மா உயிரோட இருக்கு?"

கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். இனி மறைப்பானேன் என்று கொளஞ்சியம்மாள் பெருமையோடு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க சார். ஆத்தாவை வேண்டிக்கிட்டு ஒரு படி உப்பைக் கரைச்சு வுட்டேன். பொழச்சுக்கிச்சு!"

பேராசிரியர் விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"எடுத்துட்ட சுரப்பியோட ஹார்மோனைத்தான் ஊசியில போடுறோம். அது பண்ற வேலையை உங்க உப்பு பண்ணிடுச்சும்மா! கமலவேணி, இதே மீன்களை நல்ல தண்ணிக்கு மாத்துங்க. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்."

"உசுரோடதானே இருக்கு, அப்புறம் எதுக்குத் தண்ணிய மாத்தணும்?" கொளஞ்சியம்மாளுக்கு விளங்கவில்லை.

மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தபடி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள் கமலவேணி.

"முதல் தொட்டி மீனு ஊசியால பொழைக்கணும், ரெண்டாம் தொட்டி மீனு ஊசி இல்லாம அத்தனையும் சாவணும் அத்தை. அப்பத்தான் எனக்குப் பட்டம்!"