விடுபட்ட வெள்ளிக்கிழமை

“வழக்கப்படி ஹாஜர் கணக்கிடவும்.”

எழுபத்தெட்டில், மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஹெட் கிளார்க் வேங்கடபதி எழுதிக் கொடுத்தது இந்த ஒரு வரிதான். அருப்புக்கோட்டை மில்லின் வழக்கம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நடுவில் தேதி மாறுகிற மூன்றாம் ஷிப்டில் அத்தனை பேருக்கும் அரை நாள் ஆப்சென்ட் விழுந்தது.

ஹாஜர் விதிகளை விவரமாக எழுதிக் கொடுக்கும் வேலையைப் புது மேனேஜர் டைப்பிஸ்ட் ஆவுடைத்தாயிடம் கொடுத்தார். அவள் ஒரு வாரம் மில்லுக்குள் நடந்து, ஆள் ஆளாய்க் கேட்டு, ஆறு பக்கம் எழுதிவிட்டாள்.

“என்ன வேங்கடபதி, நேத்து வந்த புள்ள ஒங்களத் தூக்கிச் சாப்பிட்டுருச்சே!” என்றார் கேஷியர் சௌடையா.

வேங்கடபதி சிரித்து வைத்தார். வயிறு எரிந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

சரிபார்ப்பதாகச் சொல்லித் தாள்களை வாங்கினார். மூன்றாம் பக்கத்தில் சிக்கியது குறை. வீரசோழன் ஊரிலிருந்து வேலைக்கு வரும் ஆட்கள் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழப் போகிற இரண்டு மணி நேரத்தை அவள் எழுதவில்லை.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அதற்கு மேல் படிக்கவும் இல்லை.

மறுநாள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு மேனேஜர், “எழுதுனா இப்படி எழுதணும்!” என்று மெச்சியதுமே வேங்கடபதி எழுந்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமைய விட்டுருச்சே சார்! பீர் மைதீனும் மத்தவுகளும் தொழுகைக்கு ரெண்டு மணி நேரம் போறாக. இருந்தாலும் முழு நாள் ஹாஜர். இதக்கூட எழுதாம என்ன ஆறு பக்கம்?”

ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “வெளிய போறவங்களுக்கு முழு ஹாஜரா? எனக்குத் தெரியாம யாரு போடுறது?”

வேங்கடபதி மெல்ல உட்கார்ந்தார். பத்து வருஷமாகப் போடுவது அவர்தான். பழகிப்போனதில், யாரும் அனுமதி கொடுக்கவில்லை என்பதே மறந்திருந்தது.

“சாயங்காலம் ரிஜிஸ்தரோட வாங்க” என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் அவளிடம் சீறினார். “தெரிஞ்சேதான விட்ட? என்னைய மாட்டிவிடத்தான?”

“பீர் மைதீன் அண்ணன் மொத நாளே சொன்னாக சார். ‘ஹெட் கிளார்க் புண்ணியத்துலதான் தொழுறோம், எழுதி அவுக வேலைக்கு உலை வச்சுறாதம்மா’ன்னு. அதான் அத எழுதாம, ‘ஹெட் கிளார்க் போடுற ஹாஜரே முடிவு, கம்ப்யூட்டர் மாத்தக் கூடாது’ன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி வச்சேன். நீங்க அதுவரைக்கும் படிக்கலையா சார்?”