சூடு ஏறும்வரை

பின்சீட்டில் போர்வை குவிந்து கிடந்தது. உள்ளிருந்து சத்தமே இல்லை. "அப்பாடா, தூங்கிட்டாங்க" என்று முணுமுணுத்தபடி பல் டாக்டர் கார்க் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். ரயிலடியிலிருந்து கிளம்பியதிலிருந்து மாமியாரின் வாய் ஓய்ந்தது இப்போதுதான்.

நாளெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்க வைத்தே பிழைப்பு நடத்துபவர் அவர். ஒரு வாயை மூட வைக்கும் வித்தை மட்டும் இன்னும் கைவரவில்லை. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கால் மரத்துப்போச்சு. இந்த வண்டியில ஹீட்டர்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதைத் தனியா வாங்கணுமா?"

"போட்டா சார்ஜ் இறங்கிடும் அத்தை. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

வழி நெடுக இதே பாட்டுதான். புது எலெக்ட்ரிக் கார் வெயில் காலத்தில் குதிரையாகத்தான் ஓடியது. பனி கொட்ட ஆரம்பித்ததும், ஹீட்டரை அணைத்த பிறகும், சார்ஜ் கண்ணெதிரே கரைந்தது. தட்டுத் தடுமாறி நெடுஞ்சாலை ஓரத்துச் சார்ஜிங் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தால், அங்கே மூன்று சார்ஜர்கள் பேச்சு மூச்சில்லாமல் நின்றன. விறைத்த கேபிள்களை ஒவ்வொன்றாக இழுத்து, செருகி, திட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் திரும்பியபோதுதான் பின்சீட்டு அமைதியாக இருந்தது.

உயிரோடு இருந்த ஒரே சார்ஜரில் ஒரு சிவப்புக் கார் மாட்டியிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. இந்தக் குளிரில் மீதி நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தடித்த கோட்டும், முகத்தைப் பாதி மறைத்த தொப்பியுமாக ஓர் உருவம், ஹீட்டர் சுகத்தில் சாய்ந்திருந்தது.

டாக்டர் கண்ணாடியைத் தட்டினார். அது ஒரு விரலளவு இறங்கியது. உள்ளிருந்து வந்த வெதுவெதுப்பு அவர் மூக்கில் பட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"சார், போற அளவுக்கு ஏறிடுச்சே. கொஞ்சம் எடுத்துவிட்டீங்கன்னா நான் போட்டுக்குவேன்."

தொப்பி இடமும் வலமும் ஆடியது. கையுறை அணிந்த விரல் ஒன்று எதிரே இருந்த கடையைக் காட்டியது.

'போய் டீ குடிடா என்கிறான். என்ன கொழுப்பு!' டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்கா சார். குழந்தை பிறந்திருக்கு. மத்தியானம் வீட்டுக்கு அனுப்புறாங்க. நான் போய்த்தான் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணும்."

தொப்பி தலையசைத்தது. ஆனால் அசைந்தது தலை மட்டும்தான்.

"அது மட்டும் இல்ல சார். என் மாமியார் வேற வண்டியில இருக்காங்க."

தொப்பி மெல்ல அவர் பக்கம் திரும்பியது. ஆகா, பாவம், இவருக்கும் வாய்த்திருக்கிறது போல! டாக்டர் குனிந்து, திறந்திருந்த இடுக்கில் வாயை வைத்தார்.

"உங்களுக்கு நான் சொல்லணுமா சார்? மூணு மாசம் தங்க வந்திருக்காங்க. மூணு மாசம்! இன்னும் வீட்டு வாசலையே மிதிக்கல, அதுக்குள்ள எனக்குக் காதுல ரத்தம் வராத குறை. கொண்டுவந்திருக்கிற பெட்டிங்களைப் பார்க்கணுமே, ஒவ்வொண்ணும் பொணக் கனம் கனக்குது. சார்ஜ் தீர்ந்ததுக்குக் குளிர் பாதி காரணம், அந்தப் பெட்டிங்க மீதிப் பாதி."

உள்ளே கோட்டின் தோள்கள் லேசாகக் குலுங்கின. டாக்டருக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு ஆண்பிள்ளையின் கஷ்டம் இன்னொரு ஆண்பிள்ளைக்குத்தானே புரியும்.

"இந்த வண்டியை வாங்கினப்போ என்ன சொன்னாங்க தெரியுமா? 'பல்லு புடுங்கறவருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், குளிர்காலத்துல நடுரோட்டுல நிக்கப்போறாரு'ன்னாங்க. கொடுமை என்னன்னா, அது அப்படியே பலிச்சுப்போச்சு. ஆனா அதை அவங்க முன்னாடி நான் ஒத்துக்குவேனா? செத்தாலும் மாட்டேன்! அவங்க முழிச்சுக்கறதுக்குள்ள எப்படியாவது நான் சார்ஜ் போட்டாகணும் சார்."

தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின. சிரிக்கிறாரா, தன் மாமியாரை நினைத்து அழுகிறாரா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை.

கடைக்குள்ளிருந்து ஓர் இளம்பெண் கோட்டுகூட இல்லாமல் ஓடிவந்தாள். இரண்டு கையிலும் ஆவி பறக்கும் டீ.

"ஏன் சார் அவங்களைப் போட்டு நச்சரிக்கிறீங்க? வண்டி என்னுது. பாவம், வெளியில நின்னு வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தாங்க. நான்தான் என் கோட்டைக் குடுத்து உள்ள உக்கார வச்சுட்டுக் கடைக்குப் போனேன்."

டாக்டர் திரும்பித் தன் காரைப் பார்த்தார். பின்சீட்டுப் போர்வையில் ஒரு அசைவும் இல்லை.

சிவப்புக் காரின் கண்ணாடி முழுவதுமாக இறங்கியது. உள்ளே இருந்தவர் தொப்பியைப் பின்னால் தள்ளி, கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை, மீதியைச் சூடா உக்காந்து சொல்லுங்க."