கிருமியின் வம்சம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மூத்த மகன் இளம்பரிதி, அவனுடைய மூன்று வயது மகள் யாழி, என் இளைய மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் திருமேனி, சுகாதாரத் துறை டாக்டர் செண்பகம். வேறு யாரும் இல்லை.

என் இளைய மகனுக்கு நிச்சயமான மறுமாதம், நிச்சய விருந்துக்கு வந்த பலர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். விருந்து திருமேனி வீட்டில் நடந்தது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியவன் நான். கிருமியைச் சோதிக்கச் சொன்னவனும் நான்தான்.

"கிணத்துல ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றார் டாக்டர். "காமாலைக் கிருமியிலயும் பல வம்சம் இருக்கு. படுத்தவங்க எல்லார்கிட்டயும் இருந்தது ஒரே வம்சம். இந்த வட்டாரத்துல நாங்க பார்க்காதது."

"பின்னே எங்கேருந்து வந்தது?" என்றேன்.

டாக்டர் யாழியைப் பார்த்தார். நிச்சயத்துக்கு முந்தின வாரம்தான் அவள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள்.

"பாப்பாகிட்டயும் அதேதான். சின்னப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்கூட வராது. ஆனா கை வழியாப் பரவும்."

நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கும் பானகத்தை எங்கள் வீட்டின் கடைசி வாரிசு கையால் கலக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாழி முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். அவளைத் தூக்கிப் பிடித்திருந்தவன் நான்.

"நல்ல இனிப்பா இருந்துதுங்க," என்றார் திருமேனி. அவர் கண்களில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

நான் மயங்கி விழுந்ததாக ஊரில் பேசுகிறார்கள். விழவில்லை. சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.