தராசின் உள்மனம்

“திருட்டைக் கையும் களவுமாப் பிடிக்கிற போர்டு இதுல எது தம்பி?” என்றாள் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களின் தலைவி தங்கம்மா.

பொறியாளன் கோகிலனின் உள்ளங்கைகளில் கைக்கொன்றாய் இரண்டு சிறு மின்பலகைகள். மலேசியாவின் கேமரன் மலைப் பனியீரத்தில் தோட்டத்து மின்தராசின் பழைய பலகை செத்துப்போயிற்று. அது எடையைத் திருடிற்று என்று பெண்கள் நெடுநாளாகக் குமுறிவந்தார்கள்.

“ரெண்டும் அதே பழைய புரோகிராமைத்தான் ஓட்டும், அக்கா. ஆனா இதுல பிழை கண்டுபிடிக்கிற டீபக்கர் கூடவே இருக்கு. ஒரு கேபிள் சொருகினாப் போதும். புரோகிராமைப் பாதியில நிறுத்தி, உள்ள என்ன கணக்குப் போடுதுன்னு பார்த்துரலாம். மத்ததுக்குத் தனிக் கருவி வாங்கணும்.”

“விலை?” என்றார் மேலாளர் ராதாகிருஷ்ணன்.

“கொஞ்சம் ஜாஸ்தி, துரை.”

“கொழுந்து நிறுக்க எதுக்கு லா இந்த ஆடம்பரம்? மலிவானதே போதும்.”

“உள்ள பார்க்கிறோம்னா துரைக்கு ஏன் வயித்தக் கலக்குது?” தங்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். “மலிவானத மாட்டுங்க, நாளைக்கு ஒருத்தியும் மலையேற மாட்டா. சாக்கச் சுமந்து சரிவுல இறங்குற முதுகுக்குத் தெரியாதா கனம்?”

“பார்த்துத் தொலைங்க!” கைப்பேசி ஒலிக்கவே, அவர் லாரிப் பக்கம் நடந்தார்.

கோகிலன் விலை கூடிய பலகையில் அதே பழைய நிரலை ஏற்றித் தராசில் பொருத்தினான். தங்கம்மா, வழக்குரைக்க வந்தவளின் வீறோடு, கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தாள். மடிக்கணினியில் நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்த்துச் சென்றவன் ஓரிடத்தில் மலைத்து நின்றான்.

“எவ்ளோ திருடுது தம்பி?”

“திருடல, அக்கா.” அவன் குரல் தாழ்ந்தது. “சாக்கோட எடையைக் கழிக்கணும். புரோகிராம்ல கழிக்கிற இடம் வர்றதுக்கு முந்தியே சாக்கோட எடை பூச்சியமாயிடுது. இத்தனை நாளும் சாக்குக்கும் சேர்த்தே உங்களுக்குச் சம்பளம் போட்டிருக்காங்க.”

தங்கம்மா எடைக் கொட்டகையின் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“என்ன தங்கம்மா, திருடன் அகப்பட்டானா?” என்று கேட்டவாறே ராதாகிருஷ்ணன் திரும்பி வந்தார்.

தங்கம்மா கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கிப் பதமாகச் சுருட்டினாள்.

“துரை சொன்னதுதான் சரி லா. எதுக்கு வெட்டிச் செலவு? மலிவானதையே மாட்டச் சொல்லுங்க.”