தூண்களுக்கு முன்னால் ஓர் இடம்

லீதியாளும் தொர்க்காளும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே உயரம். பதினெட்டு வயதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் மட்டும் தொர்க்காள் ஒரு பிடி உயரமாகத் தெரிவாள். பின்னால் தொங்கிய திரையில் வரைந்திருந்த தூண்கள் இடமிருந்து வலமாகச் சிறுத்துக்கொண்டே போகும். தொர்க்காள் நின்றது குட்டித் தூணின் பக்கம். அடுத்த மாதம் அவள் ஒருவனோடு போய்விட்டாள். பதினோரு வருடமாகக் கடிதம் கூட இல்லை.

"இந்த ஒசரமான பொண்ணுதான் ஓடிப்போனவளா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துக் கேட்டார்கள். லீதியாள் ஒவ்வொரு தடவையும் தையல் நூலைப் படத்தின் மேல் வைத்து அளந்து காட்டுவாள். இருவரும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. நூலை எடுத்ததும் அவள் கண்ணுக்கே தொர்க்காள் மறுபடி வளர்ந்துவிடுவாள்.

ஒருநாள் லீதியாள் அந்த ஸ்டுடியோவுக்குப் போனாள். அதே திரை வெளிறிப்போய்த் தொங்கியது. தன் பழைய இடத்தில், பெரிய தூணருகே போய் நின்றாள்.

"தனியாத்தானம்மா எடுக்கீங்க? நடுவுல வந்து நில்லுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வேண்டாம்ண்ணே. அவ எடம் அப்பிடியே இருக்கட்டும்."

படம் கைக்கு வந்த அன்று, லீதியாள் அதில் தன்னைத் தலை முதல் கால் வரை அளந்து நூலை வெட்டினாள். வெட்டிய நூலைக் குட்டித் தூணின் பக்கம், காலியான இடத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

நூல் அவளைவிட உயரமாக நின்றது.