வாசலில் ஒரு கனைப்பு

கல்யாணமான புதிதில் நான் வாசலில் நின்று ஒருமுறை கனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். "வந்தாச்சா துரை?" என்று லூர்து அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

பிறகு நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், குடியேறியவர்களின் வீட்டு வாசல்தோறும் இருமலைக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. காசநோய் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அன்றோடு கனைப்பதை விட்டேன்.

ஒருநாள் சத்தமில்லாமல் உள்ளே போனால், லூர்து தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா. உங்க வேல போயிருமேன்னுதான்..."

"வேல கெடக்கு. வா, பெட்டிகிட்ட நின்னு இருமு."

"அனுப்பிருவாங்கங்க."

"அனுப்பட்டும். சேந்தே போவோம்."

இருமினாள். மறுநாள் ஒரு நர்ஸ் வந்து மாத்திரைதான் கொடுத்தாள். ஊருக்குப் போகச் சொல்லவில்லை. முதலிலேயே இருமியிருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்று மட்டும் சொன்னாள்.

ஆறு மாதத்தில் நோய் போய்விட்டது. நேற்று வாசலில் நின்று பலமாகக் கனைத்தேன்.

"வந்தாச்சா..." என்றாள் லூர்து. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "துரை?" என்றாள்.